முந்திக்கொண்ட சத்தம்

கடப்பாரை இன்னும் தண்டவாளத்தைத் தொடவில்லை. அதற்குள் ‘டங்’கென்று சத்தம் வந்துவிட்டது.

“நிறுத்து ஷிப்ரா,” என்றார் இயக்குநர் பிஜன் ஷோம். “மறுபடி ஓட்டு.”

படத்தொகுப்பாளர் ஷிப்ரா கர்மாகார் எடிட்டிங் மேசையின் கைப்பிடியைப் பின்னால் தள்ளினாள். கைக்குட்டை அளவுத் திரையில் எட்டு ஆட்கள் தலைகீழ் வேலை செய்து, பிறகு நேர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் கல்கத்தாவுக்குத் தெற்கே போகும் கானிங் பாதையில் வேலை செய்யும் ரயில்வே கேங்மேன்கள். வளைந்துபோன தண்டவாளத்தை அதன் இடத்துக்குத் தள்ளுவது அவர்கள் வேலை. எட்டுக் கடப்பாரைகளையும் தண்டவாளத்தின் அடியில் செருகிக்கொள்வார்கள். ஒன்பதாவது ஆள் பிந்தேஸ்வரி மாஞ்சி ஓரமாக நின்று ஒரு வரியை இழுத்துப் பாடுவார். வரி முடிகிற இடத்தில் எல்லோரும் ஒரே மூச்சில் நெம்புவார்கள். இரும்பும் இரும்பும் மோதும். அவ்வளவு பேர் சேர்ந்து நெம்பினால் தண்டவாளம் ஒரு விரல்கடை நகரும். நான்கு நொடிக்கு ஒரு நெம்பு. மூன்று நிமிடம் இப்படி நெம்பினால் பாதை நேராகிவிடும்.

அந்த மூன்று நிமிடத்தையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுத்திருந்தார் பிஜன். படத்தின் உயிரே அதுதான்.

“ஆரம்பத்துல சரியாத்தான் இருக்கு பிஜன்தா,” என்று வங்காளத்து வழக்கப்படி அவரை அண்ணனாக்கிச் சொன்னாள் ஷிப்ரா. “போகப் போக சத்தம் முந்துது. ஒண்ணரை நிமிஷத்துல பாருங்க, அவங்க கடப்பாரையத் தூக்கும்போதே அடி கேக்குது. ஆனா கடைசியில பாத்தா மறுபடி பொருந்துது.”

“கடைசியில பொருந்துதா?”

“அதான் எனக்கும் புரியல.”

பிஜனுக்குப் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. தொடக்கமும் முடிவும் பொருந்தி நடுவில் பொருந்தவில்லை என்றால், நடுவில் யாரோ ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பதாக இருக்கும். ஒலி நாடா இதுவரை ஒரே ஒருவன் கையில்தான் இருந்தது. ஹாரு.

ஹாராதன் நந்தி அவருடைய ஒலிப்பதிவாளன். பத்தொன்பது வருடம், பதினான்கு படம். கால்வாய்ப் பூட்டுக்கதவு படகை எப்படி மேலே தூக்குகிறது, ஐஸ் பாளம் மீன்சந்தைக்குப் போய்ச் சேருகிறபோது எவ்வளவு மிஞ்சுகிறது, தபால் பிரிக்கிறவனின் கை எப்படி முகவரியைப் படிக்காமலே அறை கண்டுபிடிக்கிறது என்று, பிஜன் எடுத்ததெல்லாம் இப்படிப்பட்ட படங்கள். கல்கத்தா தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் அவற்றைப் போடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஜனங்கள் இடம் தேடுவார்கள், குழந்தையை மடிமாற்றுவார்கள், வேர்க்கடலை வாங்கி வருவார்கள். டாலிகஞ்ச் ஸ்டூடியோக்காரர்கள் அவருக்கு ‘வேர்க்கடலை டைரக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பத்திரிகையும் அவர் பெயரை அச்சடித்ததில்லை. ஒரே ஒருமுறை அச்சடித்தபோது ‘விஜய் சோம்’ என்று போட்டுவிட்டது.

பதினான்கு படங்களிலும் கனத்த குரல் ஒன்று, காட்டுவதையெல்லாம் விளக்கிக்கொண்டே வரும். அது மேலிடத்து விதி. பதினைந்தாவது படத்துக்கு மட்டும் பிஜன் சண்டை போட்டு அந்தக் குரலை எடுக்கவைத்திருந்தார். இரும்பும் பாட்டும் பேசினால் போதும். புதன்கிழமை ஒலிக்கலவை. வெள்ளிக்கிழமைக்குள் படம் டில்லி போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டு விழாவுக்கு எதை அனுப்புவது என்று ஒரு குழு உட்கார்ந்து பார்க்கப்போகிறது. ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக அவர் படத்தை வேர்க்கடலை இல்லாமல் பார்க்க ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த மூன்று நிமிடம் சரியாகாவிட்டால் அனுப்ப ஒன்றுமில்லை.

“நெம்புக்கு நெம்பு வெட்டி நடுவுல காலித் துண்டு ஒட்டிடவா?” என்று கேட்டாள் ஷிப்ரா.

“பாட்டு ஓடிக்கிட்டே இருக்கே. ஒவ்வொரு வரியிலயும் பாடறவரு விக்கின மாதிரி கேக்கும்.”

“அப்ப எண்ணிப் பாப்போம். துண்டு போயிருந்தா அடி குறையணும்.”

அவர் அந்தச் சந்தேகத்தைச் சொல்லாமலே அவளும் அங்கே வந்து சேர்ந்திருந்தாள். அது பிஜனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

தீக்குச்சியை வைத்து எண்ணினார்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். ஒரு நெம்புக்கு ஒரு குச்சி. நாற்பத்தைந்து. பிறகு திரையைத் துணியால் மூடிவிட்டு சத்தத்தை மட்டும். நாற்பத்தைந்து.

ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் கடைசியில் பொருந்துவது பொய்ப் பொருத்தம். படத்தில் நாற்பத்து நான்காவது நெம்பு நடக்கும்போது காதில் விழுவது நாற்பத்தைந்தாவது. சத்தம் மெல்ல மெல்ல முந்தி, சரியாக ஒரு நெம்பு அளவுக்கு முன்னால் போய் நிற்கிறது. எல்லா நெம்பும் ஒன்றுபோல் இருப்பதால் கண் ஏமாந்துவிட்டது.

“வெட்டல. வேகம் மாறியிருக்கு,” என்றாள் ஷிப்ரா. “இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? பிந்தேஸ்வரி குரல் கொஞ்சம் கீச்சுனு இருக்கு. வேற எதோ மிஷின்ல போட்டு நகல் எடுத்தா இப்படித்தான் ஆகும். போன வருஷம் ஒரு பாட்டுக் கச்சேரி நகல் வந்துச்சு, பாகவதர் சின்னப் பொண்ணு மாதிரி பாடினாரு.”

நகல். பிஜன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஹாரு கொடுத்தது அசல் இல்லை. அப்படியென்றால் அசல் எங்கே?

பதிலையும் அவரே கண்டுபிடித்தார். ரணஜித் லாஹிரி. பெரிய நட்சத்திரங்களை வைத்துப் படம் எடுக்கிற லாஹிரி. அவருடைய அடுத்த படத்தில் கதாநாயகன் ரயில்வே கேங்மேன் என்று போன மாதம் சினிமாப் பத்திரிகையில் வந்திருந்தது. பத்து நாள் முன்னால் அதே லாஹிரியின் உதவியாளரோடு ஸ்டூடியோ வாசல் டீக்கடையில் ஹாரு நின்றிருந்தான். பிஜனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அன்று அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. இன்று அந்த டீக்கடையில் நடந்த ஒவ்வொரு அசைவும் அவருக்கு அர்த்தத்தோடு தெரிந்தது. ஹாரு ஏன் மண்குவளையைப் பாதியிலேயே எறிந்தான்? ஏன் “வாங்க பிஜன்தா” என்று ரொம்பச் சத்தமாகக் கூப்பிட்டான்? கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஏன் கிளம்பிவிடுகிறான்?

ஞாயிற்றுக்கிழமை காலை பிஜன் பாகாஜதீனில் இருந்த ஹாருவின் வீட்டுக்குப் போனார். ஹாரு சந்தையில் இருக்கும் நேரம் அது என்று தெரிந்தேதான் போனார்.

ஹாருவின் மனைவி அணிமா கதவைத் திறந்தாள். தம்பி மனைவியைக் கூப்பிடுவதுபோல் அவளை அவர் ‘பௌமா’ என்பார். அவள் அவரை அண்ணன் என்ற பொருளில் ‘தாதா’ என்பாள்.

“வாங்க தாதா! அவரு மீன் வாங்கப் போயிருக்காரு. கால் கிலோ மீனுக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவாரு. செவுளத் திறந்து பாத்து, கண்ண அமுக்கிப் பாத்து... பாவம், அந்த மீனு செத்தும் நிம்மதி இல்ல.”

“எதையும் நம்பமாட்டான்,” என்றார் பிஜன்.

“உங்க விஷயத்துல மட்டும்தான் கண்ண மூடிக்கிட்டு இருக்காரு. போன வாரம் நான் கேட்டேன், இந்தப் படமும் யாரும் பாக்கலைன்னா என்ன செய்வீங்கன்னு. நாங்க பாப்போமேங்கிறாரு.”

அவள் டீயும் பொரியும் வைத்தாள். பிஜன் பொரித் தட்டைத் தள்ளி வைத்தார். இதையெல்லாம் ஹாருதான் சொல்லச் சொல்லியிருப்பானோ என்றுகூடத் தோன்றியது.

“பௌமா, கேங்மேன் டேப்பை எடுத்துட்டு வரச் சொன்னான் ஹாரு. நாளைக்குக் காலையில வேணும்.”

சரளமாக வந்தது பொய். அணிமா கட்டிலடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தாள். உள்ளே மூன்று நாடாக்கள், ஈரம் உறிஞ்ச ஒரு சின்னத் துணிமுடிச்சில் வறுத்த அரிசி, ஒவ்வொரு டப்பா மேலும் ஹாருவின் கோணல் எழுத்து. மூன்று நிமிட ஷாட் இருந்த நாடாவைப் பிஜன் தோள்பையில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் ஹாரு எதிரே வந்துவிடக் கூடாதே என்று சந்தைத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒலி மாற்றும் அறை. இங்கே கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். வெளிப்புறத்தில் ஒலியை மெல்லிய நாடாவில் பதிவார்கள். அதில் பல் துளை கிடையாது, எனவே எடிட்டிங் மேசையில் ஓட்ட முடியாது. அதனால் அந்தச் சத்தத்தை, படச்சுருளைப்போலவே ஓரத்தில் துளை போட்ட பழுப்புச் சுருள் ஒன்றுக்கு மாற்றுவார்கள். அதன் பிறகு படமும் சத்தமும் மேசையில் ஒரே பல்சக்கரத்தில் ஜோடியாக ஓடும். மேசை வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஆகவே மேசைமேல் தப்பில்லை. தப்பு அதற்கு முன்னால்தான்.

மாற்றுகிற வேலை காசிநாத் சாமந்தாவுடையது. வெற்றிலை மென்றுகொண்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் நாடாவை ஏற்றி ஓட்டினார். பிஜன் புதிய சுருளைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். ஷிப்ரா அதை மேசையில் பூட்டினாள்.

முதல் நெம்பு பொருந்தியது. இருபதாவதும் பொருந்தியது. நாற்பத்தைந்தாவது நெம்பில் எட்டுக் கடப்பாரையும் தண்டவாளமும் சத்தமும் ஒரே புள்ளியில் மோதின. பிந்தேஸ்வரியின் குரல் மறுபடி ஆம்பிளைக் குரலாகியிருந்தது.

ஷிப்ரா கைதட்டினாள். பிஜன் தட்டவில்லை.

“பாத்தியா?” என்றார். “அசலை வீட்டுல கட்டிலுக்கு அடியில வச்சிக்கிட்டு, நமக்கு நகலக் குடுத்திருக்கான்.”

“பிஜன்தா, ஹாருதாவா?”

“பத்தொன்பது வருஷம் கூட இருந்தவனுக்குத்தான் எங்க கை வைக்கிறதுன்னு தெரியும்.”

அவர் படியிறங்கிக் காசிநாத்திடம் போனார். ஹாரு முதல் முறை கொண்டுவந்தது வேறு நாடா என்று காசிநாத் வாயால் வாங்கிவிட்டால் போதும். பிறகு ஹாருவின் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடலாம்.

“காசி பாபு, போன வாரம் ஹாரு குடுத்த டேப் ஞாபகம் இருக்கா? எப்படி இருந்துச்சு?”

“எப்படி இருக்கும்? இப்படித்தான் இருந்துச்சு.”

“இதே டேப்புன்னு எப்படிச் சொல்றீங்க?”

காசிநாத் வெற்றிலையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நாடாவை உருவிக் காட்டினார். தொடக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடும் போன வாரத் தேதியும் இருந்தன. “என் ரூமுக்குள்ள வர்ற ஒவ்வொண்ணுக்கும் நான் கோடு போடுவேன். இது என் கோடு. இப்ப ரெண்டாவது கோடு போடணும். நீங்க அவசரமா ஓடிட்டீங்க.”

பிஜன் நாடாவை வாங்கிப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

ஒரே நாடா. முதல் முறை சத்தம் முந்தியது, இரண்டாம் முறை பொருந்தியது.

“போன வாரம் எத்தனை மணிக்கு மாத்தினீங்க?”

“சாயங்காலம் ஏழு. ஹாரு அஞ்சு மணிக்கே குடுத்துட்டுப் போயிட்டாரு. கரண்ட் இருந்துச்சுங்க. எனக்கே ஆச்சரியம்.”

“விட்டு விட்டு வந்துச்சா?”

“இல்லவே இல்ல. போனாத்தான் தெரிஞ்சிருக்குமே. ஃபேன் கொஞ்சம் சோம்பேறியா சுத்திச்சு, அவ்வளவுதான். சாயங்காலமானா அப்படித்தான். அந்தக் கடிகாரத்தப் பாருங்களேன்.” சுவரில் இருந்த மின்சாரக் கடிகாரத்தைக் காட்டினார். “தினம் ஏழெட்டு நிமிஷம் பின்னால போயிடுது. ரிப்பேர்காரன் பிரிச்சுப் பாத்துட்டு, கடிகாரத்துல ஒண்ணுமில்ல காசிதா, உங்களுக்குத்தான் வயசாகுதுன்னுட்டான். நான் காலையில வந்ததும் முள்ளத் தள்ளி வைக்கிறேன்.”

பிஜன் அங்கேயிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சக்கரமாக அவருக்குள் சுழல ஆரம்பித்தது.

கம்பியில் வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அசைய வேண்டும். அந்தச் சுவர்க் கடிகாரத்துக்குள் இருக்கும் மோட்டார் அந்த அசைவைத்தான் எண்ணிக்கொண்டு சுற்றுகிறது. சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கும் விசிறியும் போட்டதும் மின்நிலையத்து இயந்திரங்களுக்குப் பாரம் ஏறுகிறது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் மிதிக்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைப்போல அவை தளர்கின்றன. ஐம்பது அசைவு நாற்பத்தொன்பது ஆகிறது. கரண்ட் போனால் கல்கத்தாவில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். இருக்கும்போதே அது தளர்ந்திருப்பதை யார் கவனிக்கிறார்கள்? கடிகாரம்தான் கவனித்தது.

காசிநாத்தின் பழுப்புச் சுருள் ஓடும் மோட்டாரும் அதே ஜாதிதான். அது மெதுவாக ஓடியது. ஆனால் நாடா ஓடியது, இந்த அறையிலேயே வைத்திருக்கும் ஹாருவின் பதிவுக் கருவியில். அது தன் சொந்த பாட்டரியில், சரியான வேகத்தில், மூன்று நிமிடச் சத்தத்தை மூன்று நிமிடத்துக்கே ஊற்றியது. கீழே மெதுவாகப் போய்க்கொண்டிருந்த சுருளில் அந்தச் சத்தம் குறைந்த நீளத்துக்குள் நெருங்கி உட்கார்ந்துவிட்டது. மேசையில் படத்தோடு சமவேகத்தில் ஓட்டியதும் அது முந்தியது. குரலும் கீச்சிட்டது. பதினான்கு படங்களிலும் விளக்குகிற குரல் எல்லாவற்றையும் மூடியிருந்ததால், இப்படியொரு வழுக்கல் இருந்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பிஜனுக்கு ஒரு கணம் சந்தோஷமே வந்துவிட்டது. பூட்டுக்கதவையும் ஐஸ் பாளத்தையும் விளக்கியவருக்கு இதையும் ஒரு படமாக எடுக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

“காசி பாபு, தப்பு யாருதும் இல்ல. சாயங்காலம்தான் தப்பு,” என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் ஹாரு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கையில் மற்ற இரண்டு நாடாக்களும் இருந்த பிஸ்கட் டின்.

“நான் எடுத்துட்டு வரச் சொன்னேனாமே,” என்றான்.

“ஹாரு, உக்காரு. விஷயம் என்னன்னா, கரண்ட்டுல அசைவு குறைஞ்சு...”

“கேட்டேன். ஷிப்ராவும் மாடியில சொன்னா. நகல், அசல், கட்டிலடி எல்லாம்.”

காசிநாத் வெற்றிலை துப்புவதற்காக வெளியே போனார். ரொம்ப நேரம் திரும்பவில்லை.

“லாஹிரியோட ஆளு உங்கிட்ட பேசினானே,” என்றார் பிஜன். இதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார்.

“பேசினான். கேங்மேன் சத்தம் வேணும்னான். அது என்னுது இல்ல, பிஜன்தாவக் கேளுன்னேன். உங்ககிட்ட சொன்னா வீணா மனசப் போட்டுக் குழப்பிக்குவீங்கன்னு சொல்லல.”

“அஞ்சு மணிக்கே கிளம்பிடறியே...”

“அணிமாவோட அப்பாவுக்குப் பக்கவாதம். தினம் போயித் திருப்பிப் படுக்க வைக்கணும். நீங்க கேக்கல, நானும் சொல்லல.” ஹாரு டின்னை மேசையில் வைத்தான். “செவுளத் திறந்து பாக்கறதுன்னா என் முன்னாலயே பாத்திருக்கலாம் பிஜன்தா. அவ என்னைக் கேட்டா தெரியுமா, தாதா ஏன் தெருவைச் சுத்திக்கிட்டுப் போனாருன்னு. மாடி ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கா.”

“தப்புதான்டா,” என்றார் பிஜன்.

“சரி விடுங்க. மத்த ரெண்டு டேப்பும் சாயங்காலம் மாத்தினதுதான். புதன்கிழமைக்கு முன்னால அதையும் காலையில மாத்திடணும். ஏத்துங்க, நானே பாத்துக்கறேன்.”

இரண்டு மணி நேரம் ஹாரு வேலை செய்தான். காதில் ஹெட்ஃபோன், கண் ஒலி அளவு காட்டும் ஊசியின்மேல், எப்போதும்போல. எல்லாம் பொருந்தியது. படம் பிழைத்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமை டில்லிக்குப் போகும்.

வேலை முடிந்ததும் ஹாரு காசிநாத்தின் மேசையிலிருந்து கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து மூன்று தாளில் எழுதினான். நாடா எண், நீளம், உள்ளே இருப்பது, பெற்றுக்கொண்டவர். பிஜன் முன்னால் வைத்து, பேனாவையும் நீட்டினான்.

“என்னடா இது?”

“மூணையும் நீங்களே வச்சுக்கோங்க. இனி எந்தப் படமானாலும் ஷூட்டிங் முடிஞ்ச அன்னைக்கே குடுத்துடறேன். யார்கிட்ட இருக்குன்னு எழுத்துல இருந்தா நல்லதில்லையா?”

“நமக்குள்ள எதுக்குடா?”

“நமக்குள்ளதான் வேணும்.”

அவன் குரலில் கோபம் இல்லை. பிஜன் தாளைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக டப்பாக்களிலும் சீட்டுகளிலும் ‘பிஜன்தா’ என்றே கிறுக்கிவந்த அதே கோணல் எழுத்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ‘ஸ்ரீ பிஜன்பிஹாரி ஷோம், இயக்குநர்’ என்று ஒரு எழுத்தும் விடாமல் எழுதியிருந்தது.

மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஹாரு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அசலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கார்பன் நகலை அவரிடம் கொடுத்தான்.